சிப்பிப்பாறை, கன்னி வளக்கப் போறீங்களா? மொதல்ல இதெல்லாம் தெரிஞ்சுக்கோங்க

சிப்பிப்பாறையும் கன்னியும் நம்ம தென்மாவட்டத்து கரிசக்காட்டுல முயல் விரட்டுறதுக்குன்னே வளத்த நாய்ங்க. இப்போ முயல் வேட்டை சட்டப்படி குத்தம், 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டம் இருக்கு, ஆனா நாய்க்கு அது தெரியாதுல்ல, தூரத்துல எதாச்சும் ஓடுனா போதும் கால் தானா கிளம்பிரும். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மன் கி பாத் ரேடியோ பேச்சுல இதுங்க பேர சொன்னதுல இருந்து சிட்டில நெறைய பேர் ஆசப்படுறாங்க, சந்தோஷம்தான், ஆனா வாங்கி கேட்டுல சங்கிலி போட்டு கட்டிப்போடறதா இருந்தா தயவுசெஞ்சு வேணாம்.

குட்டி எடுக்கும்போது தாய் நாய நேர்ல பாருங்க, ஆள் கிட்ட போனா எப்படி நடந்துக்குதுன்னு கவனிங்க. ரெண்டு மாசம் ஆகாத குட்டிய தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்க. கன்னின்னா கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேல, நெஞ்சுல, கால்ல செவலை இருக்கும், சிப்பிப்பாறை பல நெறத்துல வரும். ராஜபாளையம் மாதிரி முழு வெள்ளைக் குட்டி எடுக்குறவங்க காத கண்டிப்பா செக் பண்ணணும், ஏன்னா வெள்ளை நாய்ல பொறவிச் செவிடு வர வாய்ப்பு அதிகம். குட்டிய மத்ததுங்ககிட்ட இருந்து தனியா கொண்டு வந்து, அது உங்கள பாக்காதப்போ பின்னாடி நின்னு கை தட்டுங்க, கிட்ட போய் தட்டுனா காத்து மேல பட்டு திரும்பிரும், அதனால கொஞ்சம் தள்ளி நின்னு ரெண்டு மூணு தடவ பாருங்க.

வீட்டுக்கு வந்ததும் உடனே எல்லார்கிட்டயும் ஒட்டாது. வீட்டுல ஒருத்தர புடிச்சிக்கும், அவங்க பின்னாடியே சுத்தும், புது ஆள் வந்தா ஒதுங்கி நின்னு பாக்கும், அத வம்பா இழுத்து கொஞ்ச விடாதீங்க. சத்தம் போட்டு அடிச்சி பழக்குனா இந்த நாய் சுருங்கிப் போயிரும், அப்புறம் கூப்பிட்டா வராது. கையில ஒரு துண்டு கறியோ முட்டையோ வச்சிக்கிட்டு பேர் சொல்லி கூப்பிட்டு, வந்ததும் குடுங்க, டெய்லி அஞ்சு நிமிஷம் போதும்.

ஓட்டம்தான் இதுக்கு உசுரு. காலைல வெயில் ஏறுறதுக்குள்ள சுத்தி வேலி போட்ட எடத்துல நல்லா ஓட விடுங்க, ஓடி முடிச்சிட்டா அப்புறம் பாதி நாள் சாக்குல சுருண்டு படுத்துக்கும், வீட்டுக்குள்ள ரொம்ப சாது. வேலி இல்லாத எடத்துல மட்டும் எவ்ளோ பழகுன நாயா இருந்தாலும் அவுத்து விடாதீங்க, பூனை, கோழி, ஆட்டுக்குட்டி எது ஓடுனாலும் போயிரும், நடுவுல ரோடு இருந்தாலும் பாக்காது. நீளமான கயிறு போட்டு விடலாம். கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், சாதா பெல்ட்டுன்னா பின்னாடி இழுத்து தலைய உருவிக்கும், அகலமான பெல்ட்டோ, நெஞ்சோட சேத்து மாட்டுற ஹார்னஸோ வாங்குங்க. தோல் ரொம்ப மெலிசு, முள்கம்பில பட்டா கிழிஞ்சிரும், அதனால கம்பிவேலி இருக்குற தோட்டத்துல கவனம்.

அக்கம்பக்கத்துல "என்னங்க நாய பட்டினி போடுறீங்களா"ன்னு கேப்பாங்க. கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு லேசா தெரியுறது இதுக்கு நார்மல். கைய முதுகுல வச்சி தடவிப் பாருங்க, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கிட்டு கூரா தட்டுனாதான் பிரச்சன, குண்டாக்கணும்னு தீனி போட்டு மூட்டுக்கு வெனை வைக்காதீங்க. ஊர்ல கம்பங்கூழும் மோரும் ஊத்தி வளப்பாங்க, ஆனா வளர்ற குட்டிக்கு அது மட்டும் பத்தாது, கறி, முட்டை சேக்கணும். வயிறு நெறைய தின்னதும் ஓட விடாதீங்க, வயிறு உப்பி முறுக்கிக்கிட்டா உசுருக்கே ஆபத்து. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகவே ஆகாது.

நாட்டு நாய்க்கு ஊசி எதுக்குன்னு சொல்றத கேக்காதீங்க, பார்வோன்னு குட்டிங்கள கொல்ற வாந்தி, ரத்தக்கழிச்சல் நோய் வந்தா இதுவும்தான் போகும். ஆறுல இருந்து எட்டு வாரத்துல மொத ஊசி, அப்புறம் 16 வாரம் வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி. உண்ணிய வாராவாரம் காதுக்குள்ள, விரல் இடுக்குல தேடிப் பாருங்க, உண்ணிக் காய்ச்சல் இங்க சாதாரணமா வருது. கருத்தடையோ வேற ஆபரேஷனோ பண்றதா இருந்தா இது வேட்டை இனம்னு டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க, உடம்புல கொழுப்பு கம்மிங்கறதால சில மயக்க மருந்து எறங்க ரொம்ப நேரம் ஆகும், சொன்னா அவர் மருந்த பாத்து மாத்திக்குவாரு.