டிரெய்ன் நின்றுபோன மாலை: பிஏ (பிசிஷியன் அசிஸ்டன்ட்) மாணவர்களுக்கு வார்டில் வழிகாட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

ஏழாம் நம்பர் பெட்டில் அன்று பைபாஸ் முடிந்து வந்த பெரியவர். என்னிடம் போஸ்டிங்கில் இருந்த மூன்றாம் ஆண்டு மாணவி, நெஞ்சில் கசியும் ரத்தத்தை வெளியே எடுக்கும் டிரெய்ன் குழாயில் எவ்வளவு வந்தது என்று மணிக்கொரு முறை குறித்துக்கொண்டிருந்தாள். 90 மில்லி, 70, 80, அப்புறம் 5, அடுத்து 0. ரத்தக் கசிவு நின்றுவிட்டது போலத் தெரிந்தது. ஆனால் அதே தாளில் இரண்டு கட்டம் தள்ளி நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது, பிபி இறங்கிக்கொண்டிருந்தது, சிறுநீர் மணிக்கு 15 மில்லிக்கு வந்துவிட்டது. குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. வெளியே வர வழியில்லாத ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி, அதை விரியவிடாமல் அழுத்துகிறது. டாம்போனாட். வார்டு சிஸ்டர் பார்த்துக் குரல் கொடுத்ததால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்தார்.

மறுநாள் அவளிடம் கேட்டேன். "பிபி இறங்கறது தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது அக்கா. என்னமோ சரியில்லன்னுதான் தோணுச்சு. தப்பா இருந்தா திட்டுவீங்களோன்னு..."

இரண்டு நாள் முன்னால் பொட்டாசியத்தின் இயல்பான அளவைச் சொல்லத் தெரியவில்லை என்று ரவுண்ட்ஸில் ஆறு பேர் முன்னிலையில் அவளை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். அவள் படிக்காமல் வந்தது உண்மை. அவள் வாயை அடைத்தது நான். அதற்குப் பிறகு மாணவர்களை நடத்தும் விதத்தில் எதைப் பார்த்தாலும், இது அவர்களைப் பேச வைக்குமா, வாயை மூட வைக்குமா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

நம் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்பவர்தான் பிசிஷியன் அசிஸ்டன்ட். இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-இல் சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் முயற்சியில் தொடங்கியது. இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பிறந்த தொழில் என்பதால்தான் பைபாஸுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுக்கும் வேலையில் இன்றும் எங்கள் ஆட்களை அதிகம் பார்க்கலாம். இப்போது மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். 2021-இல் வந்த துணை மருத்துவப் பணியாளர் சட்டத்திலும் இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் 'பி.ஏ.' என்றால் டிகிரியா, மந்திரி பின்னாலேயே ஃபைலோடு போவாரே அவரா என்று கேட்பவர்கள் எல்லா மருத்துவமனையிலும் உண்டு.

அதனால் முதல் தவறு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. மாணவியை வார்டில் கொண்டுவந்து விட்டு, "பார்த்துக்கோமா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். யார் என்று யாருக்கும் தெரியாத ஒரு வெள்ளைக் கோட்டு. சிஸ்டர்களுக்கு ரிப்போர்ட் வாங்கிவர ஓர் ஆள் கிடைத்தது. நோயாளிகளுக்கு "டாக்டரம்மா". டாக்டரம்மா என்று கூப்பிடும்போது இருபது வயதுப் பெண்ணுக்கு மறுக்க மனம் வராது, அது இயல்பு. ஆனால் அந்தப் பெயரை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்விக்குத் தெரியாது என்று சொல்வது கஷ்டம். பத்து நிமிடம் ஒதுக்கி சிஸ்டர், டியூட்டி டாக்டர், அட்டெண்டர் எல்லோரிடமும் அறிமுகம் செய்யுங்கள். "நான் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிக்கிற மாணவி, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பழக வையுங்கள். யாரைக் கேட்காமல் எதைச் செய்யக் கூடாது என்பதையும் அன்றே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மருந்து எழுதுவதும் மாற்றுவதும் டாக்டர் வேலை. அதில் பேச்சே இல்லை.

அடுத்து, கேள்வி கேட்கும் விதம். நம்மில் பலர் கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு விசாரணை நடத்துகிறோம். இல்லையென்றால் கேட்டுவிட்டு மூன்று நொடிகூடக் காத்திருக்காமல் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் சில குடும்ப மருத்துவர்கள், அதே 1992-இல், நெரிசலான ஓபியிலும் ஐந்தே படிகளில் சொல்லிக்கொடுக்க ஒரு முறையை எழுதினார்கள். முதலில் மாணவரை ஒரு முடிவு சொல்ல வைப்பது, எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பது, பொதுவாகப் பயன்படும் ஒரு விதியைச் சொல்வது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, கடைசியில் தவறைத் திருத்துவது. எங்கள் வார்டில் இது இப்படிப் போகும்.

"அக்கா, பன்னிரண்டாம் பெட் அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கு."

"உனக்கு என்ன தோணுது?"

"வெயின் எடுத்த கால்தானே, அதனால இருக்கும்."

"எதை வச்சுச் சொல்றே? இன்னொரு காலைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு காலுமே வீங்கியிருந்தது. ரத்தக்குழாய் எடுத்த கால் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் அந்த அறுவையால்தான். ஆனாலும் கெண்டைக்காலில் வலியோ சூடோ இருந்தால் ரத்தக்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு காலும் வீங்கினால் உடம்பில் நீர் தேங்குகிறதா, இதயம் சிரமப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விதி, அவ்வளவுதான். வீக்கத்தைக் கவனித்துத் தானாக வந்து சொன்னது நல்லது என்று முதலில் சொன்னேன். ஒரு கால் வீங்கியிருந்தால் மறுகாலைப் பார்க்காமல் வராதே என்று பிறகு சொன்னேன். இதற்கெல்லாம் மேலே 'முடிவு சொல்ல வைப்பது' என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. தன் வாயால் ஒன்றைச் சொல்லி அது தவறாகப் போன பிறகும் யாரும் முகம் சுளிக்கவில்லை என்றால், அடுத்த முறையும் சொல்வாள்.

டிஸ்சார்ஜ் சம்மரி விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் வந்தால் டைப் அடிக்க ஆள் கிடைத்தது என்று நினைக்காத வார்டு உண்டா? பழைய நோயாளியின் சம்மரியை எடுத்துப் பெயரை மாற்றி, வயதை மாற்றி, வலது காலை இடது கால் ஆக்க மறந்து... பார்த்திருப்பீர்கள். சம்மரி எழுத வைப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். எழுதியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துக்கு அனுப்புவதுதான் தவறு. நான் இப்போது ஒன்று செய்கிறேன். எழுதி முடித்து டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும், அந்தத் தாளோடு பெட்டுக்குப் போய் மாத்திரைகளை நோயாளியின் மனைவிக்கோ மகனுக்கோ விளக்கச் சொல்வேன், பக்கத்தில் நானும் நிற்பேன். "1-0-1-ன்னா என்னம்மா, நூத்தியொண்ணா?" என்று ஒரு பாட்டி கேட்டார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சொல்லி முடிப்பதற்குள், இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, மறந்துவிட்டால் என்ன செய்வது என்று மூன்று கேள்வி வந்துவிட்டது. மாணவிக்கு இரண்டுக்குப் பதில் தெரியவில்லை. "கேட்டுட்டு வர்றேன் பாட்டி" என்றாள். நான்கு சம்மரி டைப் அடித்திருந்தால் இது கிடைத்திருக்காது.

கைவேலையில் இரண்டு பக்கமும் தவறுகிறோம். தையல் போடும்போது கொஞ்சம் தாமதமானால் கருவியைக் கையிலிருந்து பிடுங்குகிறோம், அல்லது ஒருமுறை சரியாகச் செய்தாள் என்று தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறோம். டிரெய்ன் குழாயை வெளியே எடுப்பது பார்க்க எளிது. மூச்சை அடக்கச் சொல்லி, குழாயை இழுத்த அதே நொடியில் தையல் முடிச்சை இறுக்க வேண்டும், இல்லையென்றால் காற்று உள்ளே போய்விடும். அந்த நொடியில் நீங்கள் பக்கத்தில் இல்லையென்றால் மாணவியால் எந்த உதவியையும் கேட்க முடியாது. தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: நான் 'நிறுத்து' என்றால் கை நிற்க வேண்டும், காரணம் வெளியே வந்து சொல்கிறேன். நோயாளியிடமும், மாணவி செய்யப்போகிறாள், நான் கூடவே இருக்கிறேன் என்று சொல்லி அவர் சம்மதத்தைக் கேளுங்கள். பெரும்பாலோர் சரி என்றுதான் சொல்வார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஊசி குத்திக்கொண்டதை மறைப்பது வாய் மூடுவதிலேயே மோசமானது. பயன்படுத்திய ஊசி விரலில் ஏறியதும் மாணவர் முதலில் சுற்றும் முற்றும் பார்ப்பார், யாராவது பார்த்தார்களா என்று. இன்டர்னல் மார்க் போய்விடுமோ என்ற பயம். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டிவிட்டால் கொடுத்துப் பயனில்லை. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவு, அழுத்திப் பிதுக்காதே, உடனே சொல், யாரும் திட்ட மாட்டார்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டாயிற்றா என்றும் அன்றே கேளுங்கள். இரண்டு டோஸோடு நின்றுபோனவர்கள் நிறைய.

செய்த வேலைகளைக் குறித்துவைக்கும் லாக் புக்கைக் கடைசி நாளில் மொத்தமாக நீட்டுவார்கள், நாமும் முப்பது கையெழுத்தை வரிசையாகப் போடுவோம். இதில் விளக்க என்ன இருக்கிறது, வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். அப்போதே ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். "நல்லா பண்றே" என்று சொன்னால் எதை நன்றாகச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஏழாம் நம்பர் பெரியவர் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு போன். அதே மாணவி.

"அக்கா, நாலாம் பெட்டுக்கு ஒரு மணி நேரமா யூரின் வரலை. டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், வந்துட்டு இருக்காங்க. பிபி, பல்ஸ் சரியா இருக்கு. டிரெய்ன் ஓடுது."

"டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கா பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அய்யோ அக்கா... தொடைக்கு அடியில மடங்கிக் கிடக்கு. சாரி அக்கா, தூக்கத்துல எழுப்பிட்டேன்."

"பரவாயில்ல. அடுத்த ஒரு மணி நேரத்துல எவ்வளவு வந்ததுன்னு மட்டும் மெசேஜ் போடு."

மூன்று மணி சுமாருக்கு வந்தது: 60 மில்லி அக்கா.

அதற்குள் நான் எங்கே தூங்கினேன்.