கிடுகு வேலி அடைப்பது எப்படி? (பொட்டோடு சேர்த்து)

எங்கள் வீடு பனங்கூடல் ஓரமாக இருக்கிறது. எங்களுக்கும் பக்கத்து ஆச்சி வீட்டுக்கும் நடுவே மதில் இல்லை, கிடுகு (பின்னிய தென்னோலை) வேலிதான். பல வருடம் வெளியே இருந்துவிட்டு யாழ்ப்பாணத்துக் காணிக்குத் திரும்பியவர்கள் சிலர், "வேலி அடைக்க ஆள் கிடைக்குதில்லை, நாங்களே அடைக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். தாராளமாக அடைக்கலாம். ஆனால் தனி ஆளாக முடியாது. அதனால் அலவாங்கை (குழி போடும் இரும்புக் கம்பியை) தேடுவதற்கு முதல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

1. எல்லையைக் கதையுங்கள்

காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு வீட்டாரும் நின்று, பழைய அடிக்கட்டைகளைப் பார்த்து, முனைக்கு முனை நூல் பிடியுங்கள். நான் முதல் தடவை ஆச்சியைக் கூப்பிடாமல் விடியவே ஆறு கதியால் (வேலிக்கு நடும் உயிர்த்தடி) நட்டுவிட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வழமையாகப் பொட்டால் (வேலியில் விட்ட சிறு வழியால்) வரும் முருங்கைக்காய் இரண்டு கிழமை வரவில்லை. பிறகு பார்த்தால், நூல் ஒரு வடலியில் (இளம் பனையில்) தட்டி, அவவின் பக்கம் நாலு விரற்கடை வளைந்திருக்கிறது! ஆறையும் பிடுங்கித் திரும்ப நட்டேன்.

2. கணக்கு

எங்கள் ஊர்க் காணி அளவில் 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்படியென்றால் ஒரு பரப்பு ஏறக்குறைய 2,722 சதுர அடி; சதுரமான காணி என்றால் ஒரு பக்கம் 52 அடி வரும். ஒன்றரை அடிக்கு ஒரு கதியால் வைத்தால் ஒரு பக்கத்துக்கு 35 அல்லது 36 தேவை. பட்டுப்போகிறதுக்கு ஐந்து கூட வெட்டி வையுங்கள்.

3. கதியால் நடுதல்

பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை, எது அயலில் கிடைக்கிறதோ அது. ஏழடி நீளம், மணிக்கட்டுத் தடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம். வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சரிவாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள். இது அழகுக்கு இல்லை. குழையைக் கழித்துவிட்டுக் குவித்து வைத்தால் அடி எது, நுனி எது என்று தெரியாது. தலைகீழாக நட்டுவிட்டுத் துளிர் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

ஒன்றரை அடி ஆழத்துக்கு அலவாங்கால் குழி போடுங்கள். செம்மண் பக்கம் கீழே கல்லு தட்டும். கொஞ்சம் தள்ளிப் போடலாம், ஆனால் நூலை விட்டு விலகாமல். நட்டபின் மண்ணைக் காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். கழித்த குழை ஆட்டுக்கு.

4. கிடுகு

விலைக்கு வாங்கினால் வேலை சுகம். பின்னுவதென்றால், தென்னோலையை மட்டையோடு நடுவால் பிளந்து, இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒன்றுவிட்டு ஒரு ஓலையை மடக்கிப் பின்னவேண்டும். ஊறாத ஓலை மடக்கும் இடத்தில் வெடிக்கும்.

5. அடைப்பு

தை பிறந்து மழை ஓய்ந்தபிறகு தொடங்குங்கள். முதலில் கதியால்களுக்குக் குறுக்கே மூன்று வரிசை வரிச்சு (நீளமான மெல்லிய தடி) கட்டுங்கள். பிறகு கீழ் வரிசைக் கிடுகு. மட்டைப் பக்கம் மேலே, ஓலை நுனி கீழே. அடுத்த வரிசையின் நுனி முந்தியதன் மட்டையை மூடித் தொங்கவேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் வழிந்து போகும். கீழ் வரிசை நிலத்தில் முட்டாமல் நாலு விரல் உயரத்தில் நிற்கட்டும், இல்லாவிட்டால் கறையான் ஏறிவிடும்.

இப்போதுதான் இரண்டாவது ஆள் தேவைப்படும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. வெளியே நிற்பவர் குத்தூசியின் கண்ணில் தும்புக் கயிற்றைக் கோத்துக் கிடுகுக்குள்ளால் குத்துவார். உள்ளே நிற்பவர் கயிற்றை இழுத்து, வரிச்சைச் சுற்றித் திரும்பக் குத்தூசியில் கோத்துவிடுவார். கிடுகு ஏற ஏற ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சத்தமும் சடாரென்று வெளிவரும் ஊசி நுனியும்தான். அதனால் ஒவ்வொரு தடவையும் "குத்துறன்!" என்று சொல்லிவிட்டுக் குத்துங்கள். ஆச்சியின் பேரன் ஒருமுறை சொல்ல மறந்தான். ஊசி என் காதோரமாகப் போனது. இளங் கதியாலில் கயிற்றை நெரித்துக் கட்டாதீர்கள், அது பருக்கும்.

6. பொட்டு

கிணற்றடிப் பக்கமாக ஒரு ஆள் சரிந்து போகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள். அதுதான் பொட்டு. எங்கே விடுவது என்பதை இரண்டு வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், அதால் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய் வருகிறவர்கள் அவர்கள்தான். இரவில் நாய் வராமலிருக்கச் சாத்திவைக்க ஒரு பழைய கிடுகு போதும். பாதுகாப்புக்காகப் பொட்டையும் அடைத்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கறிவேப்பிலைக்காக ஒழுங்கையைச் சுற்றிப் படலைக்குப் போய் நிற்க யாரால் முடியும்?

பழைய கிடுகைச் சும்மா எரித்து வீணாக்கவேண்டாம். நல்லதைக் கோழிக்கூட்டுக்கு எடுங்கள், உக்கினதைத் தென்னை அடியில் புதையுங்கள். எங்கள் பழைய வேலிக் கிடுகில் பாதியை ஆச்சி அடுப்புக்கென்று கேட்டு வாங்கினா. கட்டிப் பொட்டாலேயே கொடுத்துவிட்டேன்.