ஆடியில் பார்த்த வளவு: மட்டக்களப்புப் புறநகரில் வீடு வாங்குவோர் விடும் தவறுகள்

ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊருக்கு வருகிறவர்களில் பலர் இரண்டு வேலையோடு வருகிறார்கள். ஒன்று தீர்த்தம், மற்றது காணி பார்ப்பது. கல்லடி, நாவற்குடா, ஊறணி, திருப்பெருந்துறை, சத்துருக்கொண்டான், ஆரையம்பதி என்று ஒரு வாரம் ஓட்டோவில் சுற்றுவார்கள். அந்த நேரத்தில் ஊர் காய்ந்து கிடக்கும். மணல் காலைச் சுடும். எந்த வளவைப் பார்த்தாலும் சிமெந்துத் தரைபோல இறுகி, வீடு கட்டத் தயாராக இருப்பதாகத்தான் தெரியும். பிளேன் ஏற முதல் முற்பணமும் கொடுத்தாகிவிடும்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து வரவில்லை, உள்ளூரிலேயே இருந்துகொண்டு ஆவணி மாதத்தில் பார்த்து, புரட்டாதியில் உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) முடித்தேன். மார்கழியில் முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து வளவுப் பெத்தா (பாட்டி) வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மாரிக்கு இவடத்த தோணி உடலாம் மனே, கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றார். கேட்கவில்லை. அதுதான் என் முதல் தவறு.

இந்த மாவட்டத்துக்கு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. கார்த்திகை தொடங்கித் தை வரை வாவி நிரம்பும். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் திறக்க வேண்டும். மணல் திட்டு அடைத்திருந்தால் வெட்டிவிடும்வரை தாழ்ந்த வளவுகள்தான் வாவிக்கு இடம் கொடுக்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இது தெரியும்.

முடிந்தால் மழைக்குள் போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் காய்ந்த காலத்திலும் அடையாளம் இருக்கும். அந்த வீதியின் பழைய வீடுகள் எவ்வளவு உயர அத்திவாரத்தில் நிற்கின்றன என்று கவனியுங்கள். எல்லா வீட்டுக்கும் நாலைந்து படி இருந்து, நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கு மட்டும் ஒரு படி என்றால் யோசிக்க வேண்டும். மதிலில் ஒரே மட்டத்தில் ஓடும் பழைய நீர்க்கறை, பக்கத்து வெறும் வளவில் பாய் இழைக்கும் பன் முளைத்திருப்பது, சுற்றியுள்ள வெள்ளை மணலுக்கு நடுவில் இந்த வளவில் மட்டும் சிவப்புக் கிரவல் கொட்டியிருப்பது, இவை எல்லாம் தண்ணீரின் கையெழுத்துகள். ஊர்ப் பெயரையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள். மடு, குடா, வில், தீவு என்று முடியும் பெயர்களை நம் முன்னோர் சும்மா வைக்கவில்லை. அதற்காக அந்த ஊர்கள் எல்லாம் மூழ்கும் என்று அர்த்தமில்லை, நாவற்குடாவில் நல்ல மேட்டு வளவுகள் உண்டு. ஆனாலும் ஒரு தடவை கூடுதலாக விசாரிக்கலாம்.

கிராம சேவகரிடம் "இங்கே வெள்ளம் வருமா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். "கடைசி வெள்ளத்தில் எந்த வீதிக்கு உலர் உணவு கொடுத்தீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வீதிப் பெயரோடு பதில் வரும்.

வயலை நிரப்பித் துண்டு போட்டு விற்கும் இடங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயற்காணியை நிரப்பவோ அதில் கட்டடம் கட்டவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விற்பவர் கிரவலைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார். கட்டடத்துக்கு அனுமதி கேட்டு அலைவது வாங்கியவர்.

அடுத்தது கிணறு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை முழுக்க மணல். மணலுக்குள் தண்ணீர் மட்டம் மேலேயே இருப்பதால் தோண்டினால் உடனே ஊறும், எல்லோரும் மகிழ்வார்கள். அதே மணல் வழியாகத்தான் மலசலகூடக் குழியின் தண்ணீரும் ஓடுகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் வளவு ஏறக்குறைய 50 அடிக்கு 54 அடி. உங்கள் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்துத் தப்பினாலும், மூன்று பக்கத்து அயலவர்களின் குழிகள் எங்கே இருக்கின்றன? வாங்க முதல் மதிலுக்கு மேலால் எட்டிப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீர் இணைப்பு இருக்கிறதா, வீட்டுக்கு வந்திருக்கிறதா, அல்லது பிரதான வீதிவரைதான் வந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கடலோரமும் வாவியோரமும் என்றால் கிணற்றுத் தண்ணீரைக் கோடை முடிவில் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு எந்தக் கிணறும் இனிக்கும்.

இனி உறுதி விசயம். இதில்தான் மட்டக்களப்பின் வழக்கம் வெளியார் பலரை விழுத்துகிறது.

இங்கே வீடு பெண்ணுக்கு. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் நம் ஊர் முறை. ஆனால் விலை பேச வெளியே வந்து நிற்பது அந்த மாப்பிள்ளைதான். அவரோடு தேநீர் குடித்து விலை பேசி முடித்த பிறகு பார்த்தால், உறுதி மனைவி பெயரில் இருக்கும். அதுவும் தாய் தந்தை எழுதிய நன்கொடை உறுதியாக இருக்கும். அதை வாசித்துப் போனால் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் தங்கள் சீவிய உருத்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டதாக ஒரு வரி. குசினிப் பக்கம் சுளகோடு இருக்கும் அந்த அம்மா கையெழுத்து வைக்காமல் நீங்கள் அந்த வீட்டை முழுமையாக அனுபவிக்க முடியாது.

இதைவிட மோசமானது சொல்லால் கொடுத்த சீதனம். தாயின் வளவில் மூத்த மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்திருப்பார்கள், உறுதி எழுதியிருக்க மாட்டார்கள். தாய் மரணசாதனம் எழுதாமல் இறந்துவிட்டால் சட்டப்படி அது எல்லாப் பிள்ளைகளுக்கும், தந்தை இருந்தால் அவருக்கும், உரிய பிரிக்கப்படாத காணி. ஒருவர் கனடாவில், ஒருவர் சுவிசில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. "எல்லாரும் அக்காவுக்குத்தான் என்று சொல்லிட்டாங்க" என்பது நொத்தாரிசின் மேசையில் செல்லாது. ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்ப வேண்டும். அற்றோணி கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பத்திரமும் அன்றோடு முடிந்தது. ஆகவே கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற நண்பர்கள் தேசவழமையை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தை) மனதில் வைத்துப் பேசுவதுண்டு. அது இங்கத்தைய தமிழ்க் குடும்பங்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்குப் பொதுச் சட்டம்தான்.

காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுக்காவது பின்னோக்கித் தேட வேண்டும். வங்கிக்கடன் எடுக்கிறவர்களுக்கு வங்கியே அதைக் கேட்கும். கைக்காசில் வாங்குகிறவர்கள்தான் தேடுவதில்லை. ஈடு இருக்கிறதா, வழக்கு நடக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் தெரியவரும். உறுதி என்று நீட்டும் தாள் உண்மையில் பெர்மிட்டாக இருக்கவும் கூடும். 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் என்றாலும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் எழுதும் உறுதி செல்லாது. விலை ஊர் விலையில் பாதி என்று யாராவது சொன்னால், முதலில் இதைத்தான் நான் சந்தேகிப்பேன்.

முற்பணம் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு ஐந்து இலட்சம் கொடுக்கிறார்கள். 1840-இன் 7-ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். விற்பவர் மனம் மாறினால் அந்தத் தாளை வைத்துக் காணியை எழுதித் தரும்படி கேட்க முடியாது. விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசை நம்பி இருப்பதும் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். உறுதி முடிந்த பின் உடனே பதியச் சொல்லுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முதலில் பதிந்தவரின் கைதான் பொதுவாக ஓங்கும்.

முத்திரைத் தீர்வையையும் வரவுசெலவில் சேருங்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஐம்பது இலட்ச வீட்டுக்கு 1,99,000 ரூபா. குறைத்து எழுதலாம் என்று அறிவுரை சொல்ல ஆள் இருக்கும். மதிப்பீட்டில் பிடிபட்டால் மிகுதியைக் கட்ட வேண்டியதும் நீங்கள், பிறகு அதே வீட்டை வங்கியில் வைக்கும்போது குறைந்த விலை எழுதிய உறுதியோடு நிற்பதும் நீங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்பினால் அவன் பெயரில் எழுத ஆசை வரும். அவன் இலங்கைக் குடியுரிமையை விட்டிருந்தால் 2014-இன் 38-ஆம் இலக்கச் சட்டம் அவனை வெளிநாட்டவராகவே பார்க்கிறது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை இல்லை. காசு வந்த பிறகு இதைக் கண்டுபிடித்து, அவசரத்தில் மாமா பெயரில் எழுதி, இப்போது மாமாவோடு கதையில்லாத குடும்பங்கள் உண்டு.

கல்லடிக் கடற்கரைப் பக்கம் பார்க்கிறவர்கள் கவனிக்க: கடலிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம், கட்ட அனுமதி தேவை. வாவியோரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. சுனாமிக்குப் பிறகு அறிவித்த 200 மீற்றர் தடை பின்னர் தளர்ந்தாலும், கரையோரத் திணைக்களத்தின் கடிதம் இல்லாமல் வாங்காதீர்கள். கடற்காற்றில் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும், ஆகவே சிலாப்பின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். இரண்டாம் மாடிக்கு என்று வெளியே நீட்டி விட்ட கம்பிகளை நான் நம்புவதில்லை.

மலிவுக்காக வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகிறவர்களும் உண்டு. 2014-இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அது கைக்கெட்டும் தூரமாகிவிட்டது. ஆனால் பாலம் தாண்டிய பின்னுள்ள வீதி மாரியில் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாயிடம் கேளுங்கள்.

நில அளவையாளரைக் கூட்டிப்போய் எல்லைக்கல்லைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். வேலி எங்கே ஓடுகிறது என்பது வேறு, பிளானில் கோடு எங்கே ஓடுகிறது என்பது வேறு. உள்ளே போகும் ஒழுங்கை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்து வளவுக்காரரின் நல்ல மனதா என்றும் பாருங்கள், அவரும் ஒருநாள் விற்பார். கட்டிய வீடு என்றால் மாநகர சபையோ பிரதேச சபையோ அனுமதித்த வரைபடமும் இணக்கச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். சோலைவரி, மின்சாரம், தண்ணீர், மூன்றுக்கும் கடைசிப் பற்றுச்சீட்டை வாங்கிய பிறகு திறப்பை வாங்குங்கள். எங்கள் வீட்டுக்கு முந்தைய சொந்தக்காரரின் மின்கட்டணப் பாக்கி ஒரு வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. பெத்தாவுக்கு அதுவும் முன்பே தெரிந்திருந்தது.