சட்டத்தில் பிஎச்.டி.: நுழைவுத் தேர்வுக்கு முன்னால் கைடைத் தேடுங்கள்

எல்.எல்.எம். முடித்த கையோடு "மேடம், பிஎச்.டி. சேரலாமா?" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மதிப்பெண். 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்தோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. அது சரியென்றால் அடுத்த கேள்வி, கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, யார்?

நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுக்கு ராப்பகலாகப் படிப்பவர்கள்கூட இதை யோசிப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. அதனால் "சார், உங்களிடம் இடம் காலியா? எப்போது ஓய்வு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கல்லூரியில் சேர்ந்து ஆய்வு செய்தாலும் பட்டம் தருவது பல்கலைக்கழகம். அந்தக் கல்லூரி ஆய்வு மையமாக அங்கீகாரம் பெற்றதா, கைடுக்கு அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேரலாம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இல்லாதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70, நேர்முகம் 30 என்று கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டில் பணம் கேட்க வேண்டாமே.

உண்மையான வேலை தலைப்பில்தான். 'காசோலை மோசடி வழக்குகள்: ஓர் ஆய்வு' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அது தலைப்பு அல்ல, ஒரு நூலக அலமாரி. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2018-இல் 143ஏ பிரிவு வந்தது. காசோலை பணமின்றித் திரும்பியதற்கான 138-ஆம் பிரிவு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை, காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லலாம். இது கட்டாயமல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது கேளுங்கள்: நம் மாவட்டத்து நீதிமன்ற மாஜிஸ்திரேட்டுகள் அதற்கு முன் என்ன காரணம் எழுதி 20 சதவீதம் கொடுத்தார்கள், அதற்குப் பின் என்ன எழுதுகிறார்கள்? இதற்குப் பதில் தேடலாம், முடிக்கவும் முடியும். உத்தரவுகள் பலவும் இ-கோர்ட்ஸ் தளத்தில் கிடைக்கும். மீதிக்கு நீதிமன்றத்தில் நகல் கேட்டு காப்பி அப்ளிகேஷன் போட வேண்டும். வழக்கில் தரப்பினராக இல்லாதவர் கேட்டால் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்கான நாட்களையும் சினாப்சிஸின் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கால அட்டவணையில் சேருங்கள். தலைப்பை உறுதி செய்யுமுன் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஒருமுறை தேடுங்கள். அதே கேள்விக்கு யாராவது முன்பே பதில் எழுதியிருக்கலாம்.

ஆய்வுக்கு முன் படிக்க வேண்டிய பாடங்களான கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். அதை ஒழுங்காக முடித்தால் போதும், பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். மொத்தத்தில் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. அதோடு பேறுகால, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை எடுக்கலாம். மாமியார் வீட்டிலும் அலுவலகத்திலும் "இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள், விதியைக் காட்டிவிடுங்கள். பகுதிநேரமாகச் சேர்கிறவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

சட்ட மாணவர்களுக்கு வரும் தனித் தலைவலி, ஒப்புமைச் சோதனை: தீசிஸ் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்ப்பது. 10 சதவீதம் வரை பரவாயில்லை, தாண்டி 40 சதவீதம் வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். சட்டப்பிரிவின் வாசகமும், மூலம் குறிப்பிட்ட மேற்கோளும் இந்தக் கணக்கில் வராது. ஆனால் தீர்ப்பின் பத்திகளை மேற்கோள் குறியில்லாமல் உங்கள் நடைபோல் ஒட்டினால் மென்பொருள் பிடித்துவிடும்.

வைவா முடிந்து பட்டம் தருமுன் தீசிஸின் மின்பிரதி இணையத்தில் ஏறிவிடும், யாரும் படிக்கலாம். பேட்டி கொடுத்த வழக்கறிஞர்கள், கட்சிக்காரர்களின் பெயர்களை முதல் வரைவிலிருந்தே குறியீட்டு எண்களாக மாற்றி எழுதுங்கள்.