ஏற்காட்டிலிருந்து கென்யாவுக்கு: வெளிநாட்டு வகுப்போடு ஆன்லைனில் சேர்வது எப்படி?

வெளிநாட்டுப் பிள்ளைகளோடு நம் வகுப்பைப் பேச வைக்கலாம் என்றதும் நாம் முதலில் தேடுவது புரொஜெக்டரையும் வைஃபையையும்தான். அதெல்லாம் பிறகு. முதலில் வேண்டியது பேச ஒரு விஷயம். "உங்க ஊர் எப்படி? எங்க ஊர் சூப்பர்" என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும்.

ஏற்காட்டுப் பள்ளி என்றால் காபியை எடுங்கள். 1820-களில் அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பல வீடுகளில் உண்டு. கீழே சேலம் என்றால் ஜவ்வரிசி, கொலுசுப் பட்டறை, மாம்பழம்.

1. ஜோடி வகுப்பு தேடுங்கள்

1988-இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைத்துத் தொடங்கிய ஐ-எர்ன் (iEARN) அமைப்பில் பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து திட்டங்கள் நடத்துகிறார்கள். அங்கே தேடிப் பாருங்கள். அறிமுகக் கடிதம் ஐந்து வரி போதும்: பிள்ளைகளின் வயது, எத்தனை பேர், என்ன விஷயம், எந்த மாதங்கள், ஆங்கிலம் எவ்வளவு வரும். கடைசி விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

2. மணியும் மாதமும் பாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பள்ளி நடக்கும்போது நமக்கு மாலை, இரவு. நேரலை வேண்டாம், வீடியோ பதிவு செய்து மாற்றிக்கொள்ளலாம். லண்டன் என்றால் குளிர்காலத்தில் நம் மதியம் 2.30-க்கு அங்கே காலை 9. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதால் காலை 10. கென்யாவில் அந்தத் தொல்லை இல்லை, ஆண்டு முழுக்க நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். நம் 11.30 அவர்களுக்குக் காலை 9.

கென்யாவும் காபி நாடு. ஆனால் அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில்தான் தொடங்குகிறது. நவம்பர், டிசம்பரில் நீண்ட விடுமுறை. அதனால் ஜனவரி மாதத்தைக் கேளுங்கள். நம் தோட்டங்களிலும் அப்போது பழம் இருக்கும்.

3. அனுமதி

ஹெச்.எம்.மிடம் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் கையெழுத்தும் கட்டாயம். பிள்ளைகளின் முழுப்பெயர், போன் எண், அடையாள அட்டை எதுவும் படத்தில் தெரியக்கூடாது.

4. பேசுவதற்கு முன் பலகை

படமும் குறிப்பும் ஒட்டும் இணையப் பலகையான பேட்லெட்டில் (Padlet) ஒரு பலகை திறந்து இரண்டு நெடுவரிசை போடுங்கள்: ஒன்று நமக்கு, ஒன்று அவர்களுக்கு. நீங்கள் ஒப்புதல் தந்த பிறகே பதிவு தெரியும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். இரண்டு வாரம் படமும் கேள்வியும் போய் வரட்டும். என்னைக் கேட்டால், நேரலையைவிட இதில்தான் பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகூட இங்கே நான்கு வரி எழுதும்.

5. நேரலை

கூகுள் மீட் போதும். இரு பக்கமும் ஒவ்வொரு கருவி மட்டும் சேர்ந்தால், இலவசக் கணக்கில் குழுக்களுக்கு உள்ள 60 நிமிடக் கட்டுப்பாடு வராது. ஜூம் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அந்த இரைச்சலில் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. கேமரா முன்னால் ஒரு நாற்காலி. பேசுகிற பிள்ளை மட்டும் அதில் வந்து உட்காரட்டும். இல்லாவிட்டால் நாற்பது பேரும் கோரஸாக "குட்மார்னிங் மிஸ்" போடுவார்கள், அத்தோடு சரி.

மனப்பாட ஆங்கிலம் வேண்டாம். கையில் ஒரு சிவப்புக் காபிப் பழத்தைக் கொடுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் பிதுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டைகள் நழுவி வரும். பிள்ளை தமிழில் சொல்லட்டும், பக்கத்தில் இன்னொரு பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

மழையில் சிக்னல் போனால்? அதே செய்முறையை முந்தைய நாளே செல்போனில் எடுத்து வைத்திருங்கள், பலகையில் ஏற்றிவிடலாம்.