கண்மாயில் மூன்று பாட்டில்கள்

முனைவர் பட்டத்துக்காக இரண்டு வருடம் கண்மாய்த் தண்ணீரை அளந்தவன் நான். உற்பத்தித்திறனை, அதாவது தண்ணீரில் உள்ள பாசிகள் ஒளிச்சேர்க்கையில் எவ்வளவு உணவு தயாரிக்கின்றன என்பதை, அப்போது வெளிவரும் ஆக்சிஜனை வைத்து அளக்கலாம். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டில் (காற்றுப் புகாமல் மூடும் கண்ணாடிப் பாட்டில்) மூன்று போதும்.

ஒரே ஆழத்துத் தண்ணீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் மூன்றிலும் நிரப்புங்கள். முதல் பாட்டிலில் கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட், கார அயோடைடு கரைசல்களை விட்டு ஆக்சிஜன் அளவு இனி மாறாதபடி நிலைநிறுத்திவிடுங்கள். இரண்டாவது வெளிச்சத்துக்கு. மூன்றாவதை அலுமினியத் தாளால் சுற்றி, மேலே கறுப்புத் துணியும் கட்டுங்கள். நான் தாளை மட்டும் நம்பினேன். அது கிழிந்து ஒரு மாத அளவீடு வீண். வெளிச்ச, இருட்டு பாட்டில்கள் இரண்டையும் தண்ணீர் எடுத்த அதே ஆழத்தில் தொங்கவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து எடுங்கள். ஆடு மேய்க்கிற அண்ணனிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் இருக்காது.

அப்புறம் விங்க்லர் முறையில் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மூன்று பாட்டில்களிலும் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது. வெளிச்ச பாட்டில் அளவிலிருந்து இருட்டு பாட்டில் அளவைக் கழித்தால் மொத்த உற்பத்தி. முதல் பாட்டிலிலிருந்து இருட்டைக் கழித்தால் சுவாசம்.

பல்லுயிர்க் கணக்குக்கு அதே நேரத்து, அதே ஆழத்துத் தண்ணீரில் லூகால் அயோடின் (பாசிகளைக் கெடாமல் வைக்கும் அயோடின் கரைசல்) விட்டு மிதவைப் பாசிகளை எண்ணுங்கள். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பச்சையாகப் படர்ந்த நாளில் இனங்கள் குறைந்து, உற்பத்தி எகிறலாம். தப்பாக அளந்துவிட்டோம் என்று நினைத்து அந்த மாதிரியைக் கொட்டிவிடாதீர்கள்.