நிறுவனர் தன் நாற்காலியை எங்கே இழக்கிறார்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்ப நிறுவனம் தொடங்குபவர் செய்யும் தவறுகளை இரண்டாகப் பிரிக்கலாம். செயலியில் வேண்டாத வசதியைச் சேர்த்துவிட்டால் அடுத்த வாரமே எடுத்துவிடலாம். விலையைத் தப்பாக வைத்துவிட்டால் அடுத்த வாடிக்கையாளரிடம் திருத்திக்கொள்ளலாம். பங்கு, இயக்குநர் குழு, கையிருப்பு ஆகிய மூன்றிலும் நடக்கும் தவறு அப்படியல்ல. கையெழுத்தோடு காகிதத்தில் ஏறிவிடும், வலி தெரியச் சில ஆண்டுகள் ஆகும். நிறுவனர்கள் பலர் முதல் வகைக்காகத் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு, இரண்டாவதை 'வக்கீல் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுகிறார்கள்.

தொடக்கத்திலேயே நேர்வது, வெஸ்டிங் (வேலை செய்யும் காலத்துக்கு ஏற்பப் பங்கு சிறிது சிறிதாகச் சொந்தமாகும் ஏற்பாடு) எழுதாமல் பங்கைப் பிரித்துக்கொள்வது. ஆளுக்குப் பாதி என்பதில் குற்றமில்லை. அந்தப் பாதி முதல் நாளே முழுதாகக் கைக்கு வந்துவிடுவதில்தான் ஆபத்து. வழக்கமான ஏற்பாடு 48 மாதம், அதில் முதல் 12 மாதம் க்ளிஃப், அதாவது அது முடியும்வரை எதுவும் சொந்தமாகாது. பத்தாவது மாதத்தில் விலகுபவருக்கு ஒரு பங்கும் கிடையாது. 18-ஆவது மாதத்தில் விலகினால் அவருக்கு எழுதிய பங்கில் 37.5 சதவீதம் மட்டும் நிற்கும், மிச்சம் நிறுவனத்துக்குத் திரும்பும். வெஸ்டிங் இல்லையென்றால், எட்டே மாதம் இருந்துவிட்டுப் போனவர் பாதி நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பார். யாருக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் அந்தக் கேப் டேபிளைப் பார்த்ததும் முதலீட்டாளர்கள் பலர் பின்வாங்கிவிடுவார்கள். நண்பர்களுக்குள் ஒப்பந்தம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நட்பு நீடிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத வேண்டும்.

இதே நேரத்தில் செய்ய வேண்டிய இன்னொரு காகிதம், மூல நிரலின் (சோர்ஸ் கோட்) உரிமையை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுவது. வெளியாள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி எழுதிய நிரல், பணம் கொடுத்துவிட்டதாலேயே உங்களுடையது ஆகிவிடாது. பல நாடுகளில் எழுத்துப்பூர்வமான ஒப்படைப்பு வேண்டும். பழைய வேலையில் இருந்தபடி அந்த அலுவலக மடிக்கணினியில் எழுதிய பகுதி இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. நிறுவனத்தை வாங்க வருபவரின் வக்கீல் முதலில் தோண்டும் இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்தது முதலீடு. மதிப்பீட்டு எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு 8 கோடி, வரும் பணம் 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடியில் 20 சதவீதம் போகிறது, சரி. ஆனால் அந்த 10 கோடியில் 10 சதவீதத்தை ஆப்ஷன் பூலாக (இனி எடுக்கப்போகும் ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கீடு) முதலீட்டுக்கு முன்பே ஒதுக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், அந்த 1 கோடியும் நிறுவனர்கள் பங்கிலிருந்தே போகும். உங்கள் உண்மையான மதிப்பு 7 கோடிதான். இரண்டு நிறுவனர்கள் என்றால் ஆளுக்கு 35 சதவீதம் மிஞ்சும். இதேபோல் 20 சதவீதம் கொடுத்து இன்னும் இரண்டு முதலீட்டுச் சுற்று போனால் ஆளுக்கு 22.4 சதவீதம்தான். பூலின் அளவை அடுத்த 18 மாதத்தில் எடுக்கப்போகும் ஆட்களின் பட்டியலை வைத்துப் பேரம் பேசுங்கள். பட்டியல் 6 சதவீதத்தில் முடிந்தால் 10 எதற்கு?

விற்பனையின்போது யாருக்கு முதலில் பணம் என்ற விதியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன முதலீட்டாளருக்கு ஒரு மடங்கு முன்னுரிமை (போட்ட பணத்தை மற்றவர்களுக்கு முன் எடுத்துக்கொள்ளும் உரிமை), நிறுவனம் 6 கோடிக்கு விற்கிறது. சாதாரண விதிப்படி அவர் 2 கோடியை எடுத்துக்கொள்வார், மற்றவர்களுக்கு 4 கோடி. 'பங்கேற்கும்' முன்னுரிமை என்றால் 2 கோடியும் எடுத்து, மீதியில் 20 சதவீதமான 80 லட்சமும் எடுப்பார். ஒரே ஒரு சொல் 80 லட்சத்தைத் திருப்பிவிடுகிறது.

இயக்குநர் குழுவைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தலைமைச் செயல் அதிகாரியை நியமிப்பதும் நீக்குவதும் அந்தக் குழுதான். 1985-இல் ஆப்பிளின் குழு அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்கல்லியின் பக்கம் நின்றபோது, நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியேற நேர்ந்தது. வெளியேறிய பின் அவர் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கிய பிறகு, 1997-இல்தான் அவர் மீண்டும் தலைமைக்கு வந்தார். 2023 நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் குழு தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மனை நீக்கியது, ஊழியர்களின் எதிர்ப்புக்குப் பிறகு சில நாட்களில் திரும்ப எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் உங்கள் இருக்கை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'தலைமைச் செயல் அதிகாரிக்கு ஓர் இருக்கை' என்றிருந்தால், பதவி போகும் நாளில் இருக்கையும் போய்விடும், புதிதாக வருபவர் அதில் உட்காருவார். 'நிறுவனர்கள் தேர்ந்தெடுக்கும் இருக்கை' என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனர்களுக்கு இரண்டு, முதலீட்டாளர்களுக்கு இரண்டு, சுயேச்சையாக ஒன்று என்ற அமைப்பில் அந்த ஒற்றைச் சுயேச்சை உறுப்பினரை இரு தரப்பும் சேர்ந்துதான் நியமிக்க வேண்டும்.

பணத்தில் ரன்வேயை, அதாவது கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதை, தப்பாக எண்ணுவது சகஜம். கையில் 120 லட்சம், மாதச் செலவு 15, வரவு 5 என்றால் 12 மாதம் தாங்கும். அடுத்த மாதமே மாதம் 1 லட்சத்தில் நான்கு பேரை எடுத்தால் நிகரச் செலவு 14 ஆகும். அந்த வேகத்தில் 12 மாதம் எட்டரை மாதமாகச் சுருங்கிவிடும். ஓர் ஆண்டுச் சந்தா மொத்தமாக வந்த மாதத்தை வைத்துச் சராசரி எடுப்பதும் ஏமாற்றும். முதலீடு திரட்ட ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, பத்து மாதம் கையிருப்பு இருக்கும்போதே தொடங்குங்கள். நான்கு மாதக் கையிருப்போடு பேசப் போனால் அவசரம் முகத்தில் தெரியும், விதிகளை எதிர்த்தரப்பே எழுதும். எல்லாப் பணத்தையும் ஒரே வங்கியில் வைப்பதும் வேண்டாம். 2023 மார்ச் 10 அன்று, தொழில்நுட்ப நிறுவனங்கள் பல பணம் வைத்திருந்த அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது, வைப்புத்தொகைக் காப்பீடு 2,50,000 டாலருக்குத்தான். முழுத் தொகையும் காக்கப்படும் என்ற அறிவிப்பு வரும்வரை பல நிறுவனங்கள் சம்பளத்துக்கு என்ன செய்வது என்று தவித்தன. மூன்று மாதச் சம்பளமாவது இன்னொரு வங்கியில் இருக்கட்டும்.

கடைசியாக, வேலை மாறியதை உணராமல் இருப்பது. பத்துப் பேர் இருக்கும்போது நீங்களே நிரல் எழுதலாம். ஐம்பது பேர் ஆன பிறகும் ஒவ்வொரு மாற்றமும் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருந்தால், தாமதத்துக்குக் காரணம் நீங்கள்தான். இரண்டு வாரக் காலண்டரை எடுத்து, வேறொருவர் முடிவெடுத்திருக்கக்கூடிய ஒவ்வொரு கூட்டத்தையும் குறியுங்கள். பாதிக்கு மேல் குறி விழுந்தால், ஒரு துறைக்கான பட்ஜெட்டையும் ஆளெடுக்கும் உரிமையையும் சேர்த்து ஒருவரிடம் ஒப்படையுங்கள். பொறுப்பை மட்டும் கொடுத்து இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் அவர் ஒவ்வொன்றுக்கும் உங்களிடமே வந்து நிற்பார். நாற்காலியையே சில காலம் விட்டுக்கொடுப்பதும் தோல்வியல்ல. கூகுள் நிறுவனர்கள் 2001-இல் எரிக் ஷ்மிட்டைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள், 2011-இல் அவர்களில் ஒருவரான லாரி பேஜ் அந்தப் பொறுப்பைத் திரும்ப ஏற்றார்.